ஹாரன் சத்தத்துக்கு வந்த நான்காம் ஆண்டு

திரையில் இருந்தவர்கள்: நான், தலைமையாசிரியை, மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரி, நிஷாலினி என்ற மாணவி, அவள் வீட்டு பிரஷர் குக்கர். இல்லாதவர்கள்: நான்காம் ஆண்டு வகுப்பின் மீதிப் பதினாறு பேர்.

"பெருக்கலில் மீதியை எங்கே கொண்டு போக வேண்டும்?" என்று கேட்டேன். குக்கர் விசிலடித்தது. அன்றைய வகுப்பில் என் கேள்விக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான்.

புதிதாக இந்தப் பள்ளிக்கு ஆசிரியர்களாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, பணி ஓய்வு பெறுகிறவர்கள்தான் இந்த மாதிரிக் கட்டுரையை எழுத வேண்டும். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வு பெறவில்லை, சபா மாநிலத்துக்கு மாற்றலாகிப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் எம்சிஓ ஊரடங்குக் காலத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "பிள்ளைங்களா, கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்று காலியான கட்டங்களைப் பார்த்துக் கத்திய ஆசிரியர்கள் எல்லாரும் கொஞ்சம் முன்கூட்டியே கிழவர்களாகிவிட்டோம். ஆகவே கிழவர்களுக்கு உள்ள சலுகையை நானும் எடுத்துக்கொள்கிறேன். எந்தச் செயலி, எந்தப் பொத்தான் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் உங்கள் மாணவர்களே உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபக்காரர் அல்ல. கோபக்காரராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பதினேழு பேர்ல ஒருத்தர் சார். நான் என்னன்னு எழுதட்டும்?"

"லைன் பிரச்சினை சார்."

"பதினாறு வீட்டுலயுமா? நிஷாலினி வீட்டுக் குக்கர் நல்லா லைன்ல இருந்துச்சே."

நிஷாலினி அவசரமாக மைக்கை அணைத்தாள்.

"இன்னும் ஒரு மாசத்துல திரும்ப வர்றேன்," என்றார் அதிகாரி. "வகுப்புல பிள்ளைங்க இருக்கணும். இல்லாட்டி உங்க ஒப்பந்தத்தப் புதுப்பிக்கச் சொல்லி என்னால எழுத முடியாது. தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் அப்போது தற்காலிக ஆசிரியர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள். அப்பா மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறவர். நான் கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியோடு பேசுவதை, கையில் சோற்றுத் தட்டோடு நின்று பார்ப்பார். "இதுக்கு சம்பளம் தர்றாங்களா?" என்று ஒருமுறை அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். படித்து வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். படித்த வேலை பறிபோன முதல் ஆளும் நானாகிவிடக் கூடாது என்பதே அந்த ஒரு மாதமும் என் கவலை.

அதிகாரி திரையை விட்டுப் போனபின் தலைமையாசிரியை மட்டும் இருந்தார். பாகான் டாலாமில் தம் வீட்டிலிருந்து பேசினார். முப்பது வருட அனுபவம். முகத்தில் எதுவும் தெரியாது.

"லைன் பிரச்சினைன்னு சொல்ற உரிமை பிள்ளைங்களுக்கு மட்டும்தான் சார்," என்றார். "நாம சொன்னா அதுக்குப் பேரு பொய்."

அன்று மாலையே பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்தேன். விஷயம் எளிதாகத்தான் இருந்தது, கேட்டிருந்தால். பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு கைப்பேசி. அது காலையில் அம்மாவோடு பாயான் லெப்பாஸ் பெக்டரிக்குப் போய்விடுகிறது. நான் அனுப்பிய இணைப்புகள் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன, பெக்டரி அலமாரிகளுக்கு. ஓர் அம்மா இடைவேளையில் எடுத்துப் பேசினார்.

"லிங்க் வந்துச்சு சார். நானே வேணா கிளாஸ்ல உக்காரவா? எனக்கும் பெருக்கல் மறந்துபோச்சு."

அதை வெறும் கிண்டல் என்று நினைத்தேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் நான்கு அடுக்குமாடிகள் இருக்கின்றன அல்லவா, என் மாணவர்கள் பெரும்பாலோர் அங்கேதான். நானும் அங்கேதான் குடியிருந்தேன், முதல் மாடியில். மறுநாள் காலை, என்ன செய்வதென்று தெரியாமல் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தபோது, கீழே ரப்பர் ஹாரன் சத்தம் கேட்டது. போம்... போம்.

காசிம் பாய். மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கிறவர். பின்னால் கண்ணாடிப் பெட்டி. இரண்டு பக்கமும் தொங்கும் முறுக்குப் பொட்டலங்கள், பன்கள், பெங்காலி ரொட்டி. ஊரே அடைந்து கிடந்தபோதும் உணவு விற்கிற உரிமத்தால் ஊர் முழுக்கச் சுற்றி வந்தவர்.

ஹாரன் அடித்து முடிப்பதற்குள் நான்கு படிக்கட்டுகளிலும் செருப்புச் சத்தம். லோகேஸ் வந்தான். ரூபினி வந்தாள். நான் இரண்டு வாரமாகத் திரையில் தேடிக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் முகக்கவரிக்கு மேலே கண்களாக வந்து நின்றன. என் இணைப்புக்கு வராத வகுப்பு பாயின் ஹாரனுக்கு வந்துவிட்டது. நான் மேலே நின்று வாயைப் பிளந்துகொண்டு வருகைப்பதிவு எடுத்தேன்.

கூட்டம் கலைந்ததும் கீழே இறங்கினேன்.

"பாய், எனக்கு ஓர் உதவி."

"பெங்காலி ரொட்டி முடிஞ்சுபோச்சு தம்பி. நாளைக்கு எடுத்து வைக்கறேன்."

"ரொட்டி இல்ல பாய். இந்த நாலு பிளாக்குலயும் என் பிள்ளைங்க பதினாறு பேரு இருக்காங்க."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் கல்யாணம் ஆகலன்னு சொன்னாங்களே லா?"

விளக்கிச் சொன்னேன். வாரத்துக்கு ஒரு கணக்குப் பயிற்சித்தாள். போகும்போது கொடுக்க வேண்டும், வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"புண்ணியம் பாய்."

"பெட்ரோல் ஸ்டேஷன்ல புண்ணியம் எடுத்துக்க மாட்டான் தம்பி."

படித்தவன் அல்லவா, யோசித்தேன். தேங்காய்ப்பால் ஜாம் தடவிய காயா பன் ஒன்று ஒரு வெள்ளி இருபது காசு. முடித்துக் கொடுக்கிற ஒவ்வொரு தாளுக்கும் பாய் ஒரு பன் கொடுக்கட்டும். காசை மாதக் கடைசியில் நான் தருகிறேன். பிள்ளைக்குப் பரிசு, பாய்க்கு வியாபாரம், எனக்கு வகுப்பு. பாய் கைகுலுக்க முடியாத காலம் என்பதால் முழங்கையை நீட்டினார். நானும் என் முழங்கையால் இடித்து ஒப்பந்தத்தை உறுதி செய்தேன்.

தம்பி தங்கைகளே, பரிசு கொடுங்கள், தவறில்லை. ஆனால் பரிசு கொடுக்கும் பொறுப்பை அந்தப் பரிசை விற்கிறவரிடமே ஒப்படைக்காதீர்கள். இதை எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. நான் சொல்கிறேன்.

முதல் வாரக் கடைசியில் பாய் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தார். கனமாக இருந்தது. கைத்தூய்மி தெளித்த வாசனையும் காயா வாசனையும் கலந்து அடித்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எண்ணிக்கூடப் பார்க்காமல் ஒவ்வொன்றையும் படமெடுத்துத் தலைமையாசிரியைக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அழைத்தார்.

"சார், உங்க வகுப்புல எத்தன பேரு?"

"பதினேழு டீச்சர்."

"இங்க முப்பத்தொம்பது தாள் வந்திருக்கு."

"ஆர்வம் டீச்சர்."

"ஆர்வத்துக்கு மீசை முளைச்சிருக்கு சார். ஏழாவது தாளப் பாருங்க."

பார்த்தேன். கடைக் கணக்கு எழுதிப் பழகிய கையெழுத்து. மூலையில் நான்கு இலக்க எண் ஒன்றை வட்டமிட்டு, பக்கத்தில் 'சனிக்கிழமை' என்று எழுதியிருந்தது. கணக்கை முடித்த கையோடு அந்த வாரத்து அதிர்ஷ்ட நம்பரையும் யாரோ முடிவு செய்திருக்கிறார். அடுத்த தாளில் பெயர் என்ற இடத்தில் 'பிளாக் சி ஆன்ட்டி'. இன்னொன்றில் எல்லா விடையும் சரி, கையெழுத்து அச்சுப் போல. பெயர் மட்டும் சீன எழுத்தில் இருந்ததால் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

பாயைப் பிடித்தேன்.

"பெரியவங்களுக்கெல்லாம் ஏன் பாய் பன் குடுத்தீங்க?"

"கணக்கு செஞ்சாங்க, குடுத்தேன். செய்யாதவனுக்கு ஒன்னுகூடக் குடுக்கல. நேர்மையாத்தான் இருக்கேன்."

"இவ்வளவு தாள் எங்கேர்ந்து வந்துச்சு? நான் குடுத்தது இருபதுதானே?"

"என் மச்சான் கடையில போட்டோஸ்டாட் மெஷின் இருக்கு. அதுக்கு உங்ககிட்ட காசு கேக்கல பாருங்க, அதான் என் புண்ணியம்."

"பாய், இனிமே பிள்ளைங்களுக்கு மட்டும்."

"சரி தம்பி."

வியாபாரி சொல்கிற 'சரி'க்கு எத்தனை அர்த்தம் உண்டு என்பதை அப்போது நான் அறியவில்லை. அடுத்த வாரம் கட்டு இன்னும் கனத்தது.

அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மீசை முளைத்த தாள்களைப் பார்த்ததுமே பிரித்து, ஒரு காலி பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவேன். பிள்ளைகளின் தாள்களை மட்டும் திருத்துவேன். வாரம் போகப் போக பதினாறு பேர் ஒழுங்காக அனுப்பத் தொடங்கினார்கள். தர்ஷன் மட்டும் ஒரு தாள்கூட அனுப்பவில்லை.

தர்ஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளி திறந்திருந்த நாள்களிலும் கேள்வி கேட்டால் தன் கால் சப்பாத்தைத்தான் பார்ப்பான். விடை அதில் எழுதியிருப்பது போல. அப்பா மணியம் ஒரு ஹோட்டலில் பெட்டி தூக்கும் வேலை செய்தவர். ஹோட்டல் மூடியதும் வீட்டில் இருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, தர்ஷன் தாளே வரலியே?"

"செய்யறான் சார். ராத்திரி சோறு திங்கறவரைக்கும் அதே வேலைதான்."

"எனக்கு ஒன்னும் வரலண்ணே."

"வந்திருக்குமே சார். நானே பாய்கிட்ட குடுத்தேன்."

மகனுக்காகப் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் தாள் ஒன்று ஒவ்வொரு வாரமும் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். பெரிய பெரிய எழுத்தில் 'மணியம்' என்று. பன்னுக்காக மகனின் தாளை அப்பாவே போட்டுக் கொடுக்கிறார்! டின்னில் எறிந்தேன்.

மாதம் முடிந்தது. அதிகாரி வரும் நாள். திரையில் பிள்ளைகள் வேண்டும், கைப்பேசிகளோ பெக்டரியில். எனவே வகுப்பை ரொட்டி வண்டியிலேயே நடத்துவது என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். 

"போலீஸ் வந்தா?"

"ரொட்டி வாங்க வரிசையில நிக்கறாங்க டீச்சர். ஒரு மீட்டர் இடைவெளி. முகக்கவரி. எல்லாம் விதிப்படிதான்."

"ரொட்டி வாங்கற இடத்துல யாரோ பெருக்கல் வாய்ப்பாடு கேக்கறாங்க."

"அத எந்த விதியும் தடுக்கல டீச்சர்."

"நீங்க கெட்டுப்போயிட்டீங்க சார்," என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது போல எனக்குப் பட்டது. "நடத்துங்க."

என் கைப்பேசியை ரொட்டிப் பெட்டியின் மேல் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். பாய் தரையில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டு வைத்திருந்தார். நான் முதல் மாடி நடைபாதையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். கேள்வியை நான் கேட்பேன். கைப்பேசி வழியாகப் பிள்ளை கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். சொன்னதும் தாளைக் கொடுத்துவிட்டு நகர வேண்டும். அதிகாரியும் தலைமையாசிரியையும் திரையில் வந்தார்கள்.

"இது என்ன சார், ரொட்டி வண்டியா?"

"நடமாடும் வகுப்பறை சார்."

பாய் ஹாரன் அடித்தார். செருப்புச் சத்தம். அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார். லோகேஸ் சொன்னான், சரி. ரூபினி சொன்னாள், சரி. நிஷாலினிகூட, வீட்டில் கைப்பேசி இருந்தும், குக்கரை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து வரிசையில் நின்றாள். ஒவ்வொரு முகமாக வர வர அதிகாரி விரல் மடக்கிக்கொண்டே போனார்.

"சார், உங்களுக்கும் ஒன்னு எடுத்து வைக்கவா? சூடா இருக்கு," என்று பாய் கைப்பேசிக்குள் எட்டிப் பார்த்தார். திரை முழுக்க அவர் தாடி.

"வேணாம் பாய், நன்றி," என்றார் அதிகாரி. சிரிப்பை அடக்கியது தெரிந்தது. "சார், இன்னும் நாலு பேர்தான். அவங்களும் வந்துட்டா முழு வருகை."

நான் நடைபாதை விளிம்பில் எட்டிப் பார்த்தேன். வரிசையில் இன்னும் மூன்று பேர். அவர்களுக்குப் பின்னால், கட்டம் போட்ட சாரோங்கும் கையில் பயிற்சித்தாளுமாக, மணியம் அண்ணன். அவருக்குப் பின்னால் தன் செருப்பைப் பார்த்தபடி தர்ஷன்.

தம்பி தங்கைகளே, ஆசிரியர் தொழிலில் உங்கள் தீர்மானத்துக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான்: மூன்று பிள்ளைகள் மூன்று பெருக்கலுக்குப் பதில் சொல்கிற நேரம். சுட்டியைக் கொண்டுபோய் இணைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானில் வைத்தேன். ஓர் அழுத்து அழுத்தினால் போதும். அப்புறம் "லைன் போயிடுச்சு சார்" என்றால் முடிந்தது. இந்த மூன்று பேரோடு பதினாறு பேரை அவர் பார்த்துவிடுவார். ஒப்பந்தத்துக்கு அது போதும்.

இரண்டு பேர். ஒருத்தர்.

மூலைக் கட்டத்தில் தலைமையாசிரியை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  தலையை மட்டும், இல்லை என்பது போல, மிக மெதுவாக ஆட்டினார். என் கை எங்கே இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சுட்டியை விட்டுக் கையை எடுத்தேன்.

திரையில் சாரோங் வந்து நின்றது.

"ஐயா, நீங்க எந்த வகுப்பு?" என்றார் அதிகாரி.

மணியம் அண்ணன் நிமிர்ந்து நின்றார். "நாலாம் ஆண்டு சார்."

வரிசையை விட்டுப் போனவர்கள்கூடத் திரும்பி நின்று சிரித்தார்கள். பாய் அவசரமாகப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான்கு வாரமாகத் துடைக்காத பெட்டியை.

"உங்க மகன்?"

"இவன்தான் சார். தர்ஷன்."

"தர்ஷன், சொல்லுங்க. ஆறு நாற்பத்தெட்டு எவ்வளவு?"

தர்ஷன் செருப்பைப் பார்த்தான். காற்றில் ரொட்டிப் பை படபடக்கிற சத்தம் மட்டும் வந்தது. எனக்கு என் அப்பாவின் சோற்றுத் தட்டு ஞாபகம் வந்தது.

"நான் சொல்றேன் சார்," என்றார் மணியம் அண்ணன், மகனைக் காப்பாற்றுகிறவராக. "இருநூத்து நாப்பத்தெட்டு."

"தப்பு!"

தர்ஷன்தான். தலை நிமிர்ந்துவிட்டது.

"ஆறெட்டு நாப்பத்தெட்டு, நாலக் கொண்டு போகணும். நீங்க எப்பவும் கொண்டு போக மாட்டீங்கப்பா. போன வாரமும் அதே தப்பு. இருநூத்து எண்பத்தெட்டு."

"பாத்தீங்களா சார்," என்றார் மணியம் அண்ணன் திரையைப் பார்த்து, வலியும் பெருமையும் சேர்ந்த குரலில். "வீட்டுலயும் இப்பிடித்தான். நான் போடுவேன், இவன் திருத்துவான். தாளக் குடுத்து நீ போடுடான்னா போட மாட்டான். நான் போட்டா வுட மாட்டான்."

அதிகாரி நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். "ஐயா, ஏழு ஐம்பத்தாறு சொல்லுங்க."

"முந்நூத்து..." மணியம் அண்ணன் வானத்தைப் பார்த்தார். "முந்நூத்து அம்பத்திரண்டு."

"தப்பு! முந்நூத்துத் தொண்ணூத்திரண்டு! மறுபடியும் கொண்டு போகல!"

கலைந்து போயிருந்த வட்டங்கள் மெதுவாகத் திரும்ப நிறைந்தன. லோகேஸ் கத்தினான், ரூபினி கத்தினாள். மணியம் அண்ணன் ஒரு கணக்கைத் தவறவிட்டால் நான்கு பிளாக்கும் அதைத் திருத்தியது. அதிகாரிக்கும் உற்சாகம் தாங்கவில்லை. "அப்ப நான் சொல்றேன் பாருங்க. ஒன்பது முப்பத்தாறு, முந்நூத்துப் பதினாலு!"

"தப்பு சார்! முந்நூத்து இருபத்து நாலு!" என்றான் தர்ஷன்.

வேண்டுமென்றே தவறாகச் சொன்னதாக அதிகாரி பிறகு விளக்கினார். நானும் தலைமையாசிரியையும் உடனே ஒப்புக்கொண்டோம். ஒப்பந்தம் அவர் கையில் இருந்தது.

அன்று மத்தியானம் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். 'மணியம்' என்ற தாள்களை எடுத்துப் பார்த்தேன். நான்கு வாரமாக மூடி வைத்தவை. ஒவ்வொரு கணக்குக்குப் பக்கத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு சரி, ஒரு தவறு. தவறுகளுக்குக் கீழே சரியான விடை, கொண்டு போக வேண்டிய எண்ணோடு. ஒரு தாளின் கடைசியில் மதிப்பெண்ணும் போட்டிருந்தது: நூற்றுக்கு நாற்பது, 'இன்னும் முயல்க'. அது நான் மாணவர்களுக்கு எழுதுகிற வாசகம். 'பிளாக் சி ஆன்ட்டி'யின் தாளிலும் ஒரு பிள்ளையின் பென்சில் இருந்தது. தர்ஷன் ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடம் அனுப்பியிருக்கிறான். நான்தான் யார் கையெழுத்து என்று பார்த்தேனே தவிர, யார் திருத்தினார்கள் என்று பார்க்கவில்லை.

என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் திருத்துவதற்கு எனக்கு யாரும் கிடைத்ததில்லை. அப்பா என் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "நல்லா இருக்கு" என்பார். அவரையே உட்கார வைத்து ஒரு கணக்குப் போடச் சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. நான் முன்னாலேயே பெரிய கணித மேதையாகியிருப்பேன், அவர் என்னை அடித்திருப்பார், அது வேறு.

அடுத்த வாரத்திலிருந்து முறையை மாற்றினோம். கணக்குப் போடுவது பெரியவர்கள். சிவப்புப் பேனா பிள்ளைகளிடம். பன், தவறைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு. இரண்டே நாளில் அடுக்குமாடியில் புதுச் சிக்கல்: பிள்ளைக்குப் பன் கிடைக்க வேண்டும் என்று சில அம்மாக்கள் வேண்டுமென்றே தவறாகப் போடத் தொடங்கினார்கள். பிளாக் சி ஆன்ட்டி இரண்டும் இரண்டும் ஐந்து என்று எழுதினார். "இது கேவலமா இருக்கு சார்," என்று ரூபினி புகார் செய்தாள். "நல்ல தப்பா போடச் சொல்லுங்க."

நல்ல தவறு. எங்கள் தொழிலைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான வார்த்தை அது. அதை விளக்கி உங்களை அலுக்க வைக்க மாட்டேன்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதிகாரி தம் அறிக்கையில் 'முழு வருகை. ஒரு மாணவர் வயதில் சற்று மூத்தவர்' என்று எழுதியதாகத் தலைமையாசிரியை சொன்னார். நான் அந்த அறிக்கையைப் பார்க்கவில்லை. அவர் இட்டுக்கட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம்.

மிஞ்சியது பாயின் கணக்கு. பன்னுக்குக் காசு கொடுக்க இலாகாவில் எந்தச் செலவுத் தலைப்பும் இல்லை என்று அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே, "மூணாப் போட்டுக்குவோம்" என்றார். நான், தலைமையாசிரியை, அவர். பாய் ஒரு ரொட்டிக் காகிதத்தில் ஐந்து வாரத்துக்கும் தனித்தனியாக எழுதி, கூட்டி, கீழே கோடு போட்டுக் கொடுத்தார்: இருநூற்று எழுபத்தாறு வெள்ளி எண்பது காசு.

நான் கீழே வண்டிப் பக்கத்தில் நின்றேன். மற்ற இருவரும் கைப்பேசித் திரையில். தலைமையாசிரியை மூன்றால் வகுத்துப் பார்த்தார். காசில் மிச்சம் விழுந்தது. மறுபடி வகுத்தார். மறுபடி விழுந்தது.

"எதுக்கும் தர்ஷன்கிட்ட ஒரு தடவ காட்டுங்களேன் சார்," என்றார்.

பன் வாங்க அப்பாவோடு வந்து நின்ற தர்ஷனிடம் காகிதத்தைக் கொடுத்தேன். சப்பாத்தையோ செருப்பையோ பார்க்கவில்லை. விரலை வரிசையாகக் கீழே இறக்கினான்.

"தப்பு," என்றான்.

பாய் நெஞ்சில் கை வைத்தார். "தம்பி, அல்லா மேல ஆணையா நான் யாரையும் ஏமாத்தல."

"இங்க ரெண்டக் கொண்டு போகணும் பாய். நீங்க ஒன்னுதான் கொண்டு போயிருக்கீங்க. பத்து வெள்ளி."

"பத்து வெள்ளி நான் கூடப் போட்டுட்டேனா?"

"கூட இல்ல. கொறச்சுப் போட்டுட்டீங்க."

பாயின் முகம் மெதுவாக மலர்ந்தது. மணியம் அண்ணன் மகனின் தலையைத் தடவினார். "எவ்வளவு நல்லாப் படிக்குது பிள்ள!" என்று பாய் கைப்பேசிக்குள் தாடியை நுழைத்துச் சொன்னார். "வாத்தியாரு நல்லா சொல்லிக்குடுத்திருக்காரு லா!"

"சார்," என்றது அதிகாரியின் குரல் திரையிலிருந்து, மெதுவாக. "இந்தப் பையனுக்கு நாம எதுக்கு சார் சொல்லிக்குடுத்தோம்?"

 தர்ஷன் கையை நீட்டியபடி நின்றான். தவறைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு ஒரு பன். விதி நாங்கள் போட்டது. பாய் ஒரு காயா பன்னை எடுத்துக் கொடுத்துவிட்டு, காகிதத்தின் கடைசியில் ஒரு வெள்ளி இருபது காசைச் சேர்த்தார். கூட்டச் சொல்லி அதையும் தர்ஷனிடமே நீட்டினார்.

"ஆறு நாப்பத்தெட்டு," என்றான் தர்ஷன், வாயில் பன்னோடு, அப்பாவைப் பார்த்து.

இந்த முறை மணியம் அண்ணன் கொண்டு போனார். இருநூற்று எண்பத்தெட்டு வெள்ளி; ஆளுக்குத் தொண்ணூற்றாறு.